நானூற்றுப் பதினேழாம் நம்பருக்கு வந்த நோய்கள்

போன மாதம் என் வலது முட்டியைக் காட்டுவதற்காக, நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் சாலையோரம் இருக்கும் தர்ம ஆஸ்பத்திரி. பேரைச் சொல்லமாட்டேன், எனக்கு அங்கே இன்னும் முட்டி வேலை பாக்கி இருக்கிறது. இத்தனை வருஷம் உள்பக்கம் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு முன்னால் முதல் தடவையாக வெளிப்பக்கம் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் என் பேரைக் கேட்கவில்லை. போன் நம்பரைக் கேட்டாள். பிறகு, "சேச்சி, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்கு சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். பின்னால் நின்றவர் வேண்டுமென்றே இருமினார். அங்கே சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பேர் சரோஜம். எங்கள் வீட்டில் மகாராஜா காலத்திலிருந்தே ஆண்களுக்குக் குமாஸ்தா வேலைதான். என் தலைமுறையில் ஆண் பிள்ளை இல்லாததால் அந்த உத்தியோகம் என்னிடம் வந்தது. ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூம் என் பொறுப்பு. நோயாளியின் பைல் எங்கே இருக்கிறதோ அதைக் கண்டுபிடித்து டாக்டரின் மேசைக்கு அனுப்ப வேண்டும், திரும்பி வந்ததும் இருந்த இடத்தில் வைக்க வேண்டும். சொல்லக் கேட்டால் சின்ன வேலை. செய்துபார்த்தால் தெரியும்.

எங்கள் பக்கத்தில் பேரை நம்பிப் பைல் வைத்தால் குடி முழுகிவிடும். ஒரே நாளில் ஐந்து தங்கம்மை, நான்கு செல்லப்பன் வருவார்கள். அதனால் நான் ஊர்வாரியாக அடுக்கியிருந்தேன். பொழியூர் அலமாரி, வெள்ளறடை அலமாரி, ஒற்றசேகரமங்கலம் அலமாரி. ஊருக்குள் வீடு, வீட்டுக்குள் ஆள். யாராவது ஜன்னலில் முகம் காட்டினால், "எந்த ஊரு? எந்த வீடு? ஆருக்க மக்க?" என்று மூன்று கேள்வி. மூன்றாவது பதில் முடிவதற்குள் பைல் என் கையில் இருக்கும். இதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்?

தொண்ணூறுகளில் எங்களுக்கு ஒரு புதிய அட்மினிஸ்ட்ரேட்டர் வந்தார். சுகுமாரன் சார். எங்கோ பட்டாளத்து ஆபீசில் இருந்தவர். மீசையைப் பார்த்தால் எல்லையில் நின்று சண்டை போட்டவர் மாதிரி இருக்கும். அவர் வாய் திறந்து உத்தரவு போட்டு நான் கேட்டதில்லை. எல்லாம் துண்டுச் சீட்டு. காலையில் வந்தால் என் மேசை விரிப்பில் குண்டூசியால் ஒரு சீட்டு குத்தியிருக்கும். 'நாளை முதல் நாம் கம்ப்யூட்டர்' என்று ஒருநாள் குத்தியிருந்தது. வாக்கியம் அவ்வளவுதான். நாம் கம்ப்யூட்டர் ஆகிவிடுவோமா, வாங்குவோமா என்று விளங்கவில்லை.

மறுநாள் அது ஆம்புலன்சில் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து லாரியில் வந்தால் குலுங்கும் என்று சார் ஆம்புலன்சை அனுப்பியிருந்தார். ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, மேலே வெள்ளைத் துணி போர்த்தி இறக்கினார்கள். வெளியே காத்திருந்த ஒரு கிழவி, "பாவம், ஆருக்க பிள்ளையோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு மாதம் பயிற்சி. அட்டையில் கீபோர்டை வரைந்து, அதில்தான் முதல் இரண்டு வாரம் தட்டினேன். அந்த அட்டையில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. அதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சாரின் நடைமுறைகளைச் சொல்லியே ஆகவேண்டும். கம்ப்யூட்டர் அறைக்குள் போகுமுன் காலைக் கழுவ வேண்டும். பிறகு கயிற்று மிதியடியில் கால் காயும்வரை நிற்க வேண்டும். உள்ளே யாரும் குரலை உயர்த்தக் கூடாது. சார் உள்ளே வந்தால் தொட்டிலில் பிள்ளை உறங்குவதுபோல் "பதுக்கெ, பதுக்கெ" என்று கையை அமர்த்துவார். வருகைப் பதிவேட்டில் என் பேருக்குக் கீழே 'கம்ப்யூட்டர்' என்று ஒரு வரி சேர்த்தார். அது இயங்கினால் ஆஜர். கரண்டு போனால் கேஷுவல் லீவு. எங்கள் பக்கத்துக் கரண்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் பாதி தாண்டுவதற்குள் அதற்கு லீவு தீர்ந்துவிட்டது. 'இனி லீவு எடுக்கலாகாது' என்று சார் சிவப்பு மையில் எழுதி, அந்தச் சீட்டைக் கம்ப்யூட்டரின் உறையிலேயே குத்தினார்.

அவருடைய பெரிய உத்தரவு இது: 'ஓராள், ஒரு நம்பர். பேர் கேட்கக் கூடாது. ஊர் கேட்கக் கூடாது. ஆருடைய மகன் என்று கேட்கவே கூடாது.' ஒவ்வொரு நோயாளிக்கும் நம்பர் போட்ட ஒரு மஞ்சள் அட்டை. அதைக் காட்டினால் நான் நம்பரைத் தட்டுவேன், நம்பர் மட்டும் போட்ட சீட்டு டாக்டரிடம் போகும். டாக்டர் அதில் நோயை எழுதி அனுப்புவார், நான் ஏற்றுவேன். அலமாரிகளைப் பூட்டிச் சாவியைச் சார் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

அட்டை கொடுத்த முதல் வாரத்திலேயே வெள்ளறடையிலிருந்து தங்கம்மை அக்காவைத் தூக்கிவந்தார்கள். மரச்சீனிக் கிழங்கு பிடுங்கப் போன இடத்தில் அணலிப் பாம்பு கடித்திருந்தது. ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு. மூன்று நாள் நினைவில்லை. சொந்தக்காரர்கள் வெள்ளைத் துணி வாங்க ஆள் அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் கண்ணைத் திறந்து, "மரச்சீனிய ஆரு எடுத்தது?" என்று கேட்டாள். அவள் தலையணைக்கடியில் இருந்த மஞ்சள் அட்டையின் நம்பர் நானூற்றுப் பதினேழு.

அதன் பிறகு நடந்ததை எங்கள் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். எமன் வாசல்வரை போய்த் திரும்பிய நம்பர் ராசியான நம்பர் என்று வெள்ளறடை முழுவதும் பேச்சு. காய்ச்சலா, தங்கம்மை வீட்டுக்குப் போய் அட்டையை வாங்கு. கர்ப்பமா, அட்டையை வாங்கு. தங்கள் சொந்த அட்டையைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு நானூற்றுப் பதினேழைக் கொண்டுவந்தார்கள். தங்கம்மை அக்கா யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கறிவேப்பிலை கேட்டு வந்தவருக்குக் கொடுப்பது மாதிரிக் கொடுத்தாள்.

இது அன்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் குருடு அல்ல. ஒரே நம்பருக்குச் சித்திரையில் ஏழாம் மாதக் கர்ப்பம், ஆவணியில் மறுபடியும் ஏழாம் மாதக் கர்ப்பம், நடுவில் விதைவீக்கம் என்று என் கையாலேயே தட்டினேன். சாரிடம் போய்ச் சொன்னேன். அந்தச் சமயம் அவர் இரண்டு வாரமாக எங்கேயும் உட்காருவதில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருவது மரியாதையில்லை என்று நினைக்கிறார் போலும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நின்றபடியே கேட்டார். பதிலை வழக்கம்போல மறுநாள் குத்தியிருந்தார்: 'கம்ப்யூட்டர் கேட்காததை சரோஜம் கேட்க வேண்டாம்.' சரி, நமக்கென்ன என்று நானும் தட்டிக்கொண்டே இருந்தேன். அந்த 'நமக்கென்ன'வை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

ஆண்டு விழாவுக்கு முன் ஆஸ்பத்திரியை நடத்தும் கமிட்டிக்காரர்கள் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். சார் ஒரு பட்டியல் எடுக்கச் சீட்டு குத்தினார். எங்கள் ஆஸ்பத்திரியை அதிகம் நாடி வந்த நோயாளிகள். பிரிண்டர் கறகறவென்று அடித்துத் தள்ளியதில் முதல் மூன்று தாளும் நானூற்றுப் பதினேழு. கமிட்டித் தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். கக்குவான் இருமல், காளை முட்டியது, மூலம், கர்ப்பம் இரண்டு, புராஸ்டேட் வீக்கம், பொன்னுக்கு வீங்கி. அவர் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, "இவ்வளவு நோய் வந்தும் இந்த அம்மை வேற ஆஸ்பத்திரிக்குப் போகல்ல பாத்தீங்களா!" என்றார்.

ஆண்டு விழாவில் தங்கம்மை அக்காவுக்குப் பொன்னாடை போர்த்துவதாக முடிவாயிற்று. 'உத்தம நோயாளி' என்று பட்டமும் உண்டு.

மேடைக்கு வந்தாள். புது நேரியது உடுத்தி, தலையை எண்ணெய் வைத்து வாரி, முகம் மட்டும் வெளுத்திருந்தது. தலைவர் பொன்னாடையைப் போர்த்தியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இவ்வளவு பணிவா என்று கூட்டம் கைதட்டியது. அவள் இன்னும் குனிந்தாள், இன்னும் தட்டினார்கள். தரையில் சாய்ந்த பிறகுதான் கைதட்டல் நின்றது. பொன்னாடையோடேயே வார்டுக்குத் தூக்கிப்போனோம்.

பித்தப்பையில் கல். சீழ் பிடிக்கத் தொடங்கிவிட்டது, சீக்கிரம் அறுத்தாக வேண்டும் என்றார் சர்ஜன். நாகர்கோவில்காரி, நாங்கள் டாக்டரம்மா என்போம். அறுப்பதற்கு முன் பழைய விவரம் கேட்டார். நான் அந்த மூன்று தாளைக் கொடுத்தேன். படிக்கப் படிக்க அவர் புருவம் நெற்றிக்குள் ஏறியது. கடைசித் தாளில் ஒரு வரியில் விரலை வைத்தார். கட்டி கீற மரப்பு ஊசி கொண்டுவந்தபோது நாடி விழுந்து நினைவிழந்தார், அரைமணி நேரம் என்று அதில் இருந்தது.

"இது இவங்களுக்கு நடந்ததா?" என்று கேட்டார். "அப்படின்னா மயக்க மருந்து கொடுத்தா மேசையிலேயே போயிடலாம். இல்லைன்னா நாளைக்கே அறுக்கலாம். எது?"

கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டோம். தங்கம்மை அக்கா வலியில் உதட்டைக் கடித்தபடி, "எல்லாம் எனக்காக்கும் டாக்டரே" என்றாள்.

"கர்ப்பம்?"

"எனக்குத்தான்."

"ஐம்பத்தெட்டு வயசுல, ரெண்டு தடவை?"

"ஆமா. எனக்கே."

"புராஸ்டேட்டு?"

"அதும் உண்டு. கொஞ்சமாட்டு."

டாக்டரம்மா வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "சரோஜம், இந்த ஒரு உடம்புக்குள்ள எத்தனை பேர் இருக்காங்கன்னு தெரியாம நான் கத்தி எடுக்கமாட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் மருந்தில தள்ளலாம். அதுக்குமேல தாங்காது" என்றார்.

நான் திரும்பி உள்ளே போனேன். "அக்கா, உள்ளதைச் சொல்லு. எதுக்கு மறைக்கிய?" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"ஆளுவளுக்க சூக்கேடு, சீக்கெல்லாம் சபையில சொல்லலாமா மக்கா? என்ன நம்பித்தானே அட்டைய வேண்டிட்டுப் போனாவ. நான் சொல்லமாட்டேன்."

அழுகை வந்தது எனக்கு. கோபமும் வந்தது. அவள்மேல் இல்லை; என்மேல்தான். மூன்று கேள்வி கேட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. அப்போதே வெள்ளறடை பஸ் பிடித்தேன்.

அங்கே சந்தை முக்கில் இறங்கி, ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்தவர்கள், கடைக்கு வந்தவர்கள் என்று எல்லோரையும் கூட்டி வைத்து உரக்கச் சொன்னேன். "நானூத்திப் பதினேழுல வந்தவியெல்லாம் நாளைக்குக் காலையில வந்து உங்க சூக்கேட்டத் திருப்பி எடுத்திட்டுப் போவணும். இல்லேன்னா தங்கம்மை அக்கா பிழைக்கமாட்டா."

ஒரு பெரியவர் கேட்டார், "சூக்கேட்டத் திருப்பி எடுத்தா அது மறுபடியும் வந்திராதா?"

"வராது. பேப்பர்ல மட்டும்தான் எடுக்குது."

"அட்டைக்க ராசி போயிருமே?"

"அட்டைக்காரியே போயிட்டா ராசிய வச்சு என்ன செய்வியரு?" என்றேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இறங்கினார்கள். பஸ் நிறைய. சாரின் விதிப்படி ஒவ்வொருவராகக் காலைக் கழுவி, மிதியடியில் நின்று காயவைத்து, கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தார்கள். டாக்டரம்மா ஒரு பக்கம், சார் ஒரு பக்கம். தங்கம்மை அக்காவையும் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து வைத்தோம்; அவள் கண்ணெதிரில் அவர்களே சொன்னால் அவளுக்குப் பாரம் இருக்காதே. "கக்குவான் எனக்க சின்ன மோனுக்காக்கும்." "காளை முட்டினது என்னைய." இரண்டு கர்ப்பமும் இரண்டு கைப்பிள்ளையோடு வந்தன. நான் ஒவ்வொன்றாகத் தட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது கரண்டு போயிற்று. லீவு தீர்ந்த பிறகும் போயிற்று. பட்டியல் தாளைத் திருப்பிப்போட்டு, பேனாவை எடுத்து, எந்த ஊர், எந்த வீடு, யாருடைய மக்கள் என்று எழுதத் தொடங்கினேன். சார் பார்த்துக்கொண்டு நின்றார்.

புராஸ்டேட்காரர் வந்து என் காதோடு, "எனக்கதாக்கும். உரக்க வாசிக்காதே மக்கா" என்றார். மூலத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றேன். அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

மத்தியானம் ஆயிற்று. எல்லா வரிக்கும் ஆள் வந்துவிட்டார்கள். ஒன்றைத் தவிர. அந்த மரப்பு ஊசி.

"கட்டி கீற வந்தது ஆரு?" என்று மூன்று தடவை கேட்டேன். யாரும் இல்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் விடுமுறை நாள். அந்த வரியை எழுதிய டூட்டி டாக்டரோ வேலையை விட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "அப்போ இவங்களோடதுதான்னு எடுத்துக்கணும். என்னால அறுக்க முடியாது" என்றார்.

தங்கம்மை அக்கா, "அது எனக்காக்கும். சத்தியமாட்டு" என்றாள். சொல்லும்போது அவள் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. சாரின் மீசையைப் பார்த்தாள்.

சார் சட்டைப்பையிலிருந்து சீட்டையும் பேனாவையும் குண்டூசியையும் எடுத்தார். எழுதப் போனார். குண்டூசியைக் கீழே போட்டார். பிறகு, நான் அவரிடம் வேலை பார்த்த காலத்தில் முதல் தடவையாக, எழுத வேண்டியதை வாயால் சொன்னார்.

"அது எனக்கு."

கரண்டு இல்லாததால் பேன் சத்தமும் இல்லை. அவர் வழக்கமான பதுக்கெக் குரலில் சொன்னதும் கடைசி ஆள்வரை கேட்டுவிட்டது.

"உட்காருகிற இடத்தில கட்டி டாக்டர். என் பேர்ல பைல் வந்தா ஸ்டாஃப் எல்லாம் பாக்கும். அதனால அக்காகிட்ட அட்டை வாங்கினேன். ஆரிடமும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கினேன்." மீசை துடித்தது. "மருந்து உள்ள போகவே இல்ல. ஊசியைக் கண்டதும் விழுந்துபோச்சு."

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "ஊசி குத்தவே இல்லையா?"

"இல்ல. கட்டி தானா உடைஞ்சுது. விழுந்ததில."

முதலில் சிரித்தது தங்கம்மை அக்காதான். சிரித்தால் வயிறு வலிக்கிறது, வலித்தால் அழுகிறாள், அழுதபடி சிரிக்கிறாள். எனக்கு இரண்டு வாரம் அவர் நின்றுகொண்டே இருந்ததன் மரியாதை அப்போதுதான் விளங்கியது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: ஒரு பஸ் ஜனத்துக்கு நடுவில் அந்த மனிதர் அதைச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றுமுதல் எனக்கு அவர்மேல் இருந்த பாதிக் கோபம் போயிற்று. மீதிப் பாதி அலமாரிச் சாவிக்காக வைத்திருந்தேன்.

அன்றே ஆபரேஷன் நடந்தது. பத்தாம் நாள் தங்கம்மை அக்கா பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு நடந்தே வெளியே போனாள். போகும்போது அட்டையை என்னிடம் கொடுத்தாள். "இது எனக்க கையில இருந்தா ஆரு கேட்டாலும் குடுத்துப்போடுவேன் மக்கா. நீயே வச்சுக்கோ."

நான் அதைப் பூட்டி வைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் வெள்ளறடையே என் ஜன்னலை உடைத்துவிடும் என்று தெரியும். அட்டையில் துளை போட்டு, நூலில் கோத்து, ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். தொட்டுக் கும்பிடலாம், சீட்டு மட்டும் சொந்த நம்பரில்தான். மறுநாள் காலை என் மேசையில் குண்டூசிச் சீட்டு: 'அட்டை மாட்டியது சரி. நம்பருடன் பேர், ஊர், வீடு மூன்றும் கேட்கவும். ஆருடைய மகன் என்பதும்.' கீழே அலமாரிச் சாவி இருந்தது. எழுந்துவர முடியாதவருக்காக அட்டை வெளியே போனால் கையெழுத்து வாங்க ஒரு நோட்டும் போட்டேன். குமாஸ்தா ரத்தம், சும்மா இருக்குமா?

தங்கம்மை அக்கா அதன்பிறகு பல வருஷம் இருந்து, உறக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். சாரும் இல்லை.

போன மாதம் போனுக்கு வந்த நம்பரைச் சொல்லிவிட்டு, அந்த ஆணியைத் தேடினேன். கவுண்டர் முழுவதும் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். ஆணி இருந்தது. அட்டை இல்லை.

"மோளே, இங்க ஒரு மஞ்சள் அட்டை மாட்டியிருந்ததே, எங்க?" என்று கேட்டேன்.

"நானூத்திப் பதினேழா? தியேட்டருக்குப் போயிருக்கு சேச்சி. முட்டி ஆபரேஷன் பண்ற டாக்டர் காலையில கொண்டுபோவார், முடிஞ்சதும் கொண்டுவந்து மாட்டுவார்."

"நோட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தாரா?"

இருமல்காரர் மறுபடியும் இருமினார். நான் அசையவில்லை. அந்தப் பெண் கம்ப்யூட்டரை நகர்த்தி, அதன் அடியிலிருந்து ஒரு நீளநோட்டை எடுத்துத் திறந்து, கண்ணாடியோடு சேர்த்துக் காட்டினாள். எடுத்த நேரம், வைத்த நேரம், கையெழுத்து. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

"சரி. எனக்க முட்டிக்கும் தேதி போடு" என்றேன்.